எண்ணாமல் விட்ட நாலு நாள்

தங்கராஜுவைப் பற்றி யாராவது என்னிடம் "பாவம் லா அந்த ஆளு" என்று ஆரம்பித்தால் எனக்குச் சுள்ளென்று வரும். பாவம் என்று சொல்லிவிட்டு, தே தாரேக் டீயைக் குடித்து முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு மேல் ஒரே ஓப்பீசில் அவனுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன் நான். அவன் பட்டதும் எனக்குத் தெரியும், அவன் செய்த தப்பும் எனக்குத் தெரியும். அந்தத் தப்பில் என் விரலும் இருக்கிறது. என் பெயர் முஸ்தஃபா. அவனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறான். அது எப்படி ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கம்பெனி பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, கப்பல் ஏஜெண்டு என்று பினாங்கில் பல பேர் தங்கள் கம்ப்யூட்டர் சங்கதிகளையெல்லாம் பெரிய டிஸ்க் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டிக்குள் எட்டு டிஸ்க்கும் இருக்கும், இருபத்துநாலும் இருக்கும். ஒன்று செத்தால் மற்றவை சேர்ந்து அதன் பாரத்தையும் தாங்கும். செத்ததற்கு நேரே மஞ்சள் விளக்கு எரியும். நாங்கள் போய் அதை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் பெட்டியில் உள்ளது மொத்தமும் போய்விடும்.

நான் ஒரு தடவை உருவினேன். ஒரு கப்பல் ஏஜெண்டு ஓப்பீசில், மஞ்சள் விளக்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்து டிஸ்க்கில் கை வைத்தேன். தங்கராஜு இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மீட்டான். மேனேஜர் கேட்டபோது தானும் கவனிக்கவில்லை என்று சொல்லிப் பாதித் திட்டை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்தான். எந்த டிஸ்க்கையும் ஒருவன் தனியாக உருவக் கூடாது. பெட்டிக்கு முன்னால் ஒருவன், திரைக்கு முன்னால் ஒருவன் நிற்க வேண்டும். டிஸ்க்கின் நம்பரை இரண்டு பேரும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்ன, ரெண்டு பேரும் வாய்ப்பாடு ஒப்பிக்கிறீங்களா?" என்பார்கள்.

"வெளக்க நம்பாதடா. டிஸ்க்கயே கேளு. அது என்ன சொல்லுதோ அதான் கணக்கு" என்பான் என்னிடம்.

நிபோங் திபாலில் பிறந்தவன். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டியவர். பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாசில் ஒரு டிஸ்க் தொழிற்சாலையில் சோதனை வேலைக்குச் சேர்ந்தான். வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒன்பது வருடம். அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றியதும் எங்கள் கம்பெனிக்கு வந்தான். அதிர்ந்து பேச மாட்டான். சண்டை என்றால் நான் போவேன், அவன் பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுப்பான்.

அவன் மனைவி துளசி ஜெலுத்தோங்கில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. சிரித்தால் நமக்கும் சிரிப்பு வரும், அப்படிப்பட்ட பெண். கல்யாணமான முதல் ஆறு வருடத்தில் அவளுக்கு மூன்று தடவை கரு கலைந்தது. இது சில பேருக்கு நடப்பதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவள் படி ஏறினாள், அவள் நட்சத்திரம் சரியில்லை, அவள் அன்னாசி தின்றாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு கல்யாண வீட்டில் தங்கராஜுவின் சித்தி ஒருத்தி, "அவ கைராசி அப்படி, எதுவும் நெலைக்காது" என்று அவள் காதுபடவே சொன்னாள். தங்கராஜு பக்கத்தில்தான் நின்றான். சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கதையை அவனே என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா" என்று கேட்டேன்.

துளசி பிள்ளைகளுக்காகப் படம் வரைவாள். பிறகு வரைகிற படத்தையே ஓட விட ஆரம்பித்தாள். பினாங்குப் பாலத்துத் தூணில் குடியிருக்கும் ஒரு நண்டு, தூணுக்குத் தூண் வீடு மாறி அக்கரைக்குப் போகிற கதை. நாற்பது நிமிடத் தமிழ்ப் படம். நண்டுக்கும் அவள்தான் குரல், மீனுக்கும் அவள்தான், பாலத்தில் போகிற லாரிக்கும் அவள்தான். எல்லாம் கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒரு பலகையில் பேனாவால் தொட்டு வரைவது, தாளில் ஒன்றும் கிடையாது. சனி ஞாயிறு, பள்ளி விடுமுறை என்று ஆறு வருடம் வரைந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த நண்டு நடக்கிற நடையைப் பார்த்து என் மனைவி ஃபஸீலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாவது வருடம் அவள் வைத்திருந்த சின்ன டிஸ்க் ஒன்று செத்து, இரண்டு மாத வேலை போனது. துளசி இரண்டு நாள் சாப்பிடவில்லை. தங்கராஜு உடனே வீட்டுக்கென்று இரண்டு பெட்டி வாங்கினான். ஒன்றில் வேலை, இன்னொன்றில் அப்படியே நகல். பெட்டிக்கு எட்டாகப் பதினாறு டிஸ்க், எல்லாம் ஒரே ரகம், ஒரே நாளில் செய்தவை. வாடிக்கையாளர் என்றால் அவன் இதற்குச் சம்மதிக்க மாட்டான். இரண்டு பெட்டியிலும் வேறு வேறு டிஸ்க் போடு, வேறு வேறு மாதத்தில் ஓட விடு, ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே சாகும் என்பான்.

"நகல் பெட்டிய அடுத்த மாசம் போடலாம்னேன்டா. துளசி கேக்கல. ஒண்ண நல்ல நேரம் பாத்து வச்சிட்டு இன்னொண்ண சும்மா வைக்கிறதா, ரெண்டும் நம்ம புள்ளதானேங்கிறா. அதுக்கு மேல நான் என்ன பேசுறது?" என்றான் என்னிடம்.

பஞ்சாங்கத்தைத் தொடாதவன் அன்றைக்குப் பஞ்சாங்கம் பார்த்தான். தை மாதம் பதினாறு, வியாழக்கிழமை, காலை ஒன்பது பத்து.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முதல் நாள். ஓப்பீஸ் மதியத்தோடு மூடுகிறது. புது டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் சில நாள் ஓட விட்டுச் சோதிப்பது எங்கள் வழக்கம். தங்கராஜு பதினாறையும் சோதனைப் பெட்டியில் செருகிவிட்டு, அம்மாவைப் பார்க்க நிபோங் திபால் பஸ்ஸுக்கு ஓடினான். "நீ கெளம்பறப்ப சுவிட்ச மட்டும் போட்டுட்டுப் போயிருடா" என்றான். நான் போட்டேன். பெருநாள் விடுமுறை முழுக்கப் பூட்டிய ஓப்பீசில் அவை ஓடின. செவ்வாய்க்கிழமை மதியம் அவன் வந்து நிறுத்தினான். ஒரு டிஸ்க்கும் சொத்தை இல்லை. சரியாக நாலு நாள்.

வியாழக்கிழமை என்னையும் ஃபஸீலாவையும் கூப்பிட்டிருந்தார்கள். துளசி பெட்டிகளுக்குப் பொட்டு வைத்தாள். கற்பூரத் தட்டை அவளிடம் கொடுக்காமல் தங்கராஜுவே பிடித்துக்கொண்டான், புகை பெட்டியின் விசிறிக்குள் போய்விடுமாம். ஒன்பது பத்துக்குப் பதினாறு பச்சை விளக்கும் எரிந்தது. துளசி நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினாள். எல்லோரும் இட்லி சாப்பிட்டுப் பசியாறினோம்.

மூன்றரை வருடம் அந்தப் பெட்டிகள் ஒரு குறையும் வைக்கவில்லை.

பிறகு ஆவணி மாதம் ஒரு நாள் டிஸ்க் செய்த கம்பெனியிடமிருந்து ஓலை வந்தது. டிஸ்க்குக்குள்ளே அதை ஓட்டுகிற சின்ன மென்பொருள் ஒன்று உண்டு, ஃபர்ம்வேர் என்போம். அதில் பிழையாம். டிஸ்க் மொத்தமாக முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு மணி நேரம் ஓடியதும் அது செத்துவிடும். உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. அதற்கு முன்னால் புது ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டு மாதம் நாங்கள் நாயாக அலைந்தோம். அந்த ரக டிஸ்க் போட்ட எண்பத்து மூன்று பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் தங்கராஜு டிஸ்க் டிஸ்க்காகத் திறந்து, அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று படிக்கச் சொல்வான். நான் வாய்விட்டுப் படிப்பேன், அவன் எழுதுவான். ஒரு ஆஸ்பத்திரிப் பெட்டியை ஒன்பது மணி நேரம் மிச்சம் இருக்கையில் காப்பாற்றினோம். ஒரு வாடிக்கையாளருக்கும் சேமித்து வைத்ததில் ஒரு எழுத்துக்கூட அழியவில்லை.

"உன் வீட்டுப் பெட்டி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எண்ணிட்டேன். தை பதினாறு காலைல ஒம்போது பத்துக்கு வச்சது. ஐப்பசி மாசம் ஒரு வியாழக்கெழம சாயங்காலம் அஞ்சு பத்துக்குத்தான் முடியுது. நெறைய டைம் இருக்கு."

வாயில் கறிப்பாப் பலகாரத்தை வைத்துக்கொண்டு நானும் தலையை ஆட்டினேன். ஊருக்கெல்லாம் டிஸ்க்கைக் கேட்டவன் தன் வீட்டில் தாளைப் பார்த்து எண்ணியிருக்கிறான். அவனுக்கும் துளசிக்கும் அந்தப் பெட்டிகள் பிறந்தது கற்பூரம் காட்டிய நேரத்தில்தான். அதற்கு முந்தின நாலு நாள் அவன் மனசிலேயே இல்லை. சுவிட்சைப் போட்ட எனக்காவது உறைத்ததா? உறைக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை ஃபர்ம்வேரை ஏற்றிவிடுகிறேன் என்று அவன் சொன்னான். அதற்கு ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு பெட்டியையும் நிறுத்த வேண்டும். துளசி அப்போதுதான் படத்தைக் கடைசியாகக் கோத்து எடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் ஓட விட்டிருந்தாள். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"விஜயதசமிக்கு முடிஞ்சிரும்ங்க. அன்னிக்குப் படத்த வச்சுப் பூச போட்டுட்டு அப்புறம் நீங்க நிறுத்திக்குங்க. டைம் இருக்கா?" என்று கேட்டாள்.

விஜயதசமி செவ்வாய்க்கிழமை. அவன் கணக்குப்படி கெடு வியாழக்கிழமை. "இருக்கு, ரெண்டு நாளு மிச்சம் இருக்கு" என்றான்.

விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனிடமிருந்து போன். "வாடா" என்றான், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போனேன். அடுப்பில் நவராத்திரிச் சுண்டல் தீய்ந்து வாடை வந்தது. இரண்டு பெட்டியிலும் எல்லா விளக்கும் மஞ்சள். ஐந்து பத்துக்கு முதல் டிஸ்க் போயிருக்கிறது. ஒன்றுதானே என்று அவன் எழுந்திருக்கும் முன் இரண்டாவது, மூன்றாவது. நகல் பெட்டியைக் காப்பாற்ற அதன் கரண்ட் வயரைப் பிடுங்கியிருக்கிறான், திரும்பச் செருகிப் பார்த்தால் அதற்குள் அதுவும் போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் பதினாறும்.

நான் பழக்கத்தில் திரைக்கு முன்னால் போய் நின்றேன், நம்பர் படிக்கலாம் என்று. திரையில் நம்பரே இல்லை. டிஸ்க் இருக்கிறதென்றே பெட்டிக்குத் தெரியவில்லை. தங்கராஜு தரையில் உட்கார்ந்திருந்தான்.

துளசி கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். "நான்தானே பொறுங்கன்னு சொன்னேன்" என்றாள். "அந்தச் சனிக்கெழமயே செய்ய விட்டிருக்கணும். என் கை பட்டது எதுதான் நின்னிருக்கு" என்றாள்.

தங்கராஜு தலையைத் தூக்கவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெட்டிகளை ஓப்பீசுக்குக் கொண்டுவந்தோம். டிஸ்க் செத்தாலும் பெட்டிக்கென்று ஒரு குறிப்பேடு உண்டு, டிஸ்க்குகளின் நிலையை மணிக்கொரு தரம் அதில் பதிந்துவைக்கும். கடைசிப் பதிவை நான் படித்தேன். "முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தி ஏழு."

"இருக்காது. ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு அது தொண்ணூத்தாறு மணி நேரம் கொறச்சலா இருக்கணும்" என்றான் தங்கராஜு.

தொண்ணூற்றாறு மணி நேரம் என்றால் நாலு நாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சோதனைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம். "சீனப் பெருநாள்" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"துளசிகிட்ட சொல்லாதடா" என்றான்.

"ஏன்? அவ தன்னாலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

"நான் சொல்றேன். நானே சொல்றேன். எனக்குக் கொஞ்ச நாள் குடு."

கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டிஸ்க்குகளைச் சிங்கப்பூரில் மீட்டுத் தருகிறவர்களிடம் அனுப்பினான். ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. துளசியின் போனில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்று இருந்தது. சத்தம் சேர்க்காதது. நண்டு ஒரு தூணிலிருந்து இறங்கும், முடிந்துவிடும்.

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. இவன் வாயைத் திறக்கவில்லை. ஃபஸீலா ஒரு நாள் துளசியைப் பார்த்துவிட்டு வந்து சமையலறையில் அழுதாள். பாலர் பள்ளியில் துளசி வரைவதை நிறுத்திவிட்டாளாம். அழுகிற பிள்ளையைக்கூடத் தூக்குவதில்லையாம். "தூக்கப் பயமா இருக்குக்கா, என் கையிலேருந்து எதாச்சும் ஆயிரும்" என்றாளாம்.

மறுநாள் காலை ஓப்பீசில் அவன் மேசையைப் பிடித்து உலுக்கினேன். "ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்த சொன்னா அவ எழுந்திருச்சிருவா. சொல்லித் தொலையேன்டா."

அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டிஸ்க்கக் கேளு, டிஸ்க்கக் கேளுன்னு ஊரெல்லாம் கத்தினவன்டா நான். எண்பத்து மூணு பெட்டியில கேட்டேன். என் வீட்டுல ஒரு நிமிசம் திறந்து பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவ இந்த ஒலகத்துல என் ஒருத்தனத்தான் தப்பு பண்ணாத ஆளுன்னு நம்புறா. அதுவும் போச்சுன்னா அவகிட்ட எனக்கு என்ன மிச்சம் இருக்கு, சொல்லு."

எனக்கு அவன்மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே வடிந்துவிட்டது. வடிந்திருக்கக் கூடாது.

தீபாவளி வந்தது. வருடா வருடம் நானும் ஃபஸீலாவும் முதலில் போவது அவர்கள் வீட்டுக்குத்தான். போனோம். கடையில் வாங்கிய முறுக்கு தட்டில் இருந்தது. துளசி புதுப் புடவை கட்டவில்லை. எங்களுக்குத் தேத்தண்ணீர் கலந்து கொண்டுவந்து வைத்தாள். ஃபஸீலா அவள் கையைப் பிடித்தபோது மெதுவாக விடுவித்துக்கொண்டு, "என்கூட ரொம்பப் பழகாதீங்கக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"டேய், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அவன் எழுந்து நின்று சொன்னான். சோதனை ஓட்டம், சீனப் பெருநாள், நாலு நாள், தான் டிஸ்க்கைத் திறந்து பார்க்காமல் கற்பூரம் காட்டிய நேரத்திலிருந்து எண்ணியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். "நீ டைம் இருக்கான்னு கேட்ட. நான்தான் இருக்குன்னேன். தப்பு என்னுது" என்றான்.

"சுவிட்சப் போட்டது நான்தான் தங்கச்சி" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றாள். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

"தப்பு என்னுது, துளசி."

"அப்ப என்னால இல்ல."

"இல்ல."

அவள் முகம் ஒரு நிமிடம் அப்படியே இளகிவிட்டது. பல வருடத்துக்கு முன்னால் நான் பார்த்த துளசியின் முகம். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்துவிட்டேன், முட்டாள்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

"மறுநாளே தெரியும்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. இருபது நாள்.

"அந்தக் கல்யாண வீட்டுல ஒங்க சித்தி சொன்னப்பவும் நீங்க பக்கத்துலதான் நின்னீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "மூணு தடவையும் ஒன்னால இல்லன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். டாக்டருக்குக் காரணம் தெரியல, அவரு சொல்லல. நீங்களும் சொல்லல. சரி, ஒங்களுக்குந்தான் என்ன தெரியும், என்ன சொல்வீங்கன்னு விட்டுட்டேன். இது ஒங்களுக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சுக்கிட்டே இருபது நாளு நான் சோத்துல கை வைக்காம இருந்தத பாத்துக்கிட்டு எதுக்க உக்காந்திருந்தீங்க."

"துளசி, எனக்கு பயமா இருந்துச்சு."

"எனக்கும்தாங்க."

உள்ளே போய் ஒரு பையில் துணியை எடுத்து வைத்தாள். தாசேக் கெலுகோரில் அவள் அக்கா ஜெயலெட்சுமி இருக்கிறாள், அங்கே கொண்டுபோய் விடும்படி என்னிடம் கேட்டாள். அவள் கேட்டது சரிதான் என்று ஃபஸீலா எனக்குக் கண் காட்டினாள். தங்கராஜு பெட்டிகள் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை சொல்லித் தடு என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு துளசி திரும்பினாள்.

"படம் போனதுக்கு ஒங்கள மன்னிச்சிருவேங்க. மன்னிச்சிட்டேன்னே வச்சுக்குங்க. இந்த இருபது நாளுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு லிஃப்டுக்குப் போனாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.